அடுப்புப் பக்கம் வேண்டாம், வெயிலில் வை



தீபாவளி முடிந்து மழை இறங்கிவிட்டது. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கின்றன. வெயில் இல்லாவிட்டால் மருந்து காயாது என்பதால் வருடத்தில் இந்தச் சில வாரங்கள் ஆலை வேன்கள் ஓடுவதில்லை. விடிகாலையில் தூக்குவாளியும் கையுமாக முக்கில் நிற்கிற பெண்களைக் காணோம். அச்சகங்களில் இதற்கு நேர்மாறு. ஆடிப்பெருக்கன்று புது வருட ஆல்பத்தை வெளியிட்டுத் தொடங்கிய காலண்டர் வேலை இப்போது உச்சத்தில் இருக்கிறது. இரவெல்லாம் மிஷின் சத்தம்.

போன வாரம் அப்படி ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கணக்குப் பிரிவில் இருக்கும் பெண்ணை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஐம்பதைத் தொடப்போகிறவர். நான் போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாத்தூர்க் காராச்சேவைத் தாளில் கொட்டி, ஊர்க்கதை பேசாமல் விடமாட்டார். அன்றைக்குப் பில்லை நீட்டினார், கையெழுத்து வாங்கினார், அடுத்த தாளுக்குப் போய்விட்டார். "உடம்புக்கு முடியலையாம்மா?" என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "காய்ச்சல், தலைவலி ஒண்ணும் இல்லக்கா. நமத்துப் போயிட்டேன், அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். ஏனென்றால் 3 வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்ததும் அதுதான். அப்போது அதற்குப் பெயர் தெரியாமல் திண்டாடினேன்.

சின்ன வயதில் எங்கள் அப்பா தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சிவகாசியிலிருந்து வெடிக்கட்டு வாங்கி வந்துவிடுவார். ஐப்பசி அடைமழையில் அது ஈரம் கோத்து நமத்துவிடும். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தாள் கிழிந்திருக்காது, திரி அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பு வைத்தால் சுர்ரென்று கொஞ்ச தூரம் ஓடி அடங்கிவிடும். அம்மா எல்லாவற்றையும் முறத்தில் பரப்பி மாடியில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைப்பாள். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் நான் இரண்டு வெடியை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டேன். அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். "ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? அடுப்புப் பக்கம் கொண்டு போகாத. வெயில்ல வை. அது காயிற நேரத்துக்குத்தான் காயும்."

இப்படி மனுஷி நமத்துப்போகும் நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். எரிந்து தீர்ந்துபோவது என்று பொருள். 1974-ல் அதை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் மனநல நிபுணர். பகலில் தன் சொந்தக் கிளினிக்கில் வேலை, இரவில் போதைக்கு அடிமையான இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனையில் சேவை. தன்னிடமும் தன்னோடு உழைத்த தொண்டர்களிடமும் கண்டதைத்தான் அவர் எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-ல் அதை அளந்து பார்க்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப்பட்டியலில் இதற்கு இடம் கொடுத்தபோது, இது நோய் அல்ல, சரியாகக் கையாளப்படாத நீண்டநாள் வேலை அழுத்தத்தால் வருவது என்று எழுதியது. அதாவது, பெண்ணின் மனசு பலவீனமாக இருப்பதால் வருவது என்று எங்கேயும் எழுதவில்லை. இதை ஒவ்வொரு மாமியாரிடமும் மேலாளரிடமும் நான் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

ஆனாலும் எனக்கு அச்சகத்துப் பெண் சொன்ன சொல்தான் பிடித்திருக்கிறது. எரிந்து தீர்ந்தால் மிஞ்சுவது சாம்பல். நமத்தது காய்ந்தால் மறுபடி வெடிக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நம் இதழின் தீபாவளி மலர் வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு 49 வயது. வீட்டில் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில். மகளுக்குக் கல்லூரிக் கடைசி வருடம். காலை நாலரைக்கு எழுந்து, இரவு பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டிருந்தேன். அசதி புதிதில்லை. நம் ஊர்ப்பக்கம் 'சடவா இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள்தானே நாம். ஒரு பக்கத்தை நாலு தடவை புரூஃப் பார்த்தும் எழுத்து மனசுக்குள் இறங்காமல் போனபோதுகூட, கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்றுதான் நினைத்தேன்.

என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அந்த வாரத் தபாலில் ஒரு வாசகியின் கடிதம் இருந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு தாய், இரண்டு பக்கம் எழுதியிருந்தார். படித்து முடித்து, மடித்து, பேப்பர்காரர் பில்லுக்கு மேலே வைத்துவிட்டு அடுத்த உறையைக் கிழித்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. வாசகியர் கடிதத்துக்காகவே இந்த வேலைக்கு வந்தவள் நான். அன்று மாலை அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான், என்னிடம் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

மாஸ்லாக் சொல்லும் மூன்று அடையாளங்களில் இது இரண்டாவது. முதலாவது, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள்மேலேயே மனசு மரத்துப்போவது. ஆசிரியைக்குப் பிள்ளைகள் வெறும் பெயர்ப்பட்டியலாகிறார்கள், செவிலிக்கு நோயாளி கட்டில் நம்பராகிறார். மூன்றாவது, நான் செய்வது எதுவும் உருப்படியில்லை என்ற எண்ணம். களைப்பை நாம் வெளியே சொல்லிவிடுவோம். மரத்துப்போனதை வெட்கத்தில் சொல்லமாட்டோம். நல்ல மனுஷியாக இருந்தவள் கெட்டவளாகிவிட்டோம் என்று நமக்கு நாமே தீர்ப்பெழுதிவிடுவோம். தோழிகளே, அது குணக்கேடு இல்லை. ஈரம் கோத்ததன் அடையாளம்.

இது ஏன் இந்த வயதில், இந்த மண்ணில் இவ்வளவு பேரிடம் தென்படுகிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். விருதுநகர் வி.வி. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-ல் தொடங்கியது. சிவகாசியில் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-ல். அங்கே படித்து வெளிவந்தவர்கள் இன்று பள்ளிகளில் தலைமையாசிரியைகள், வங்கி மேலாளர்கள், மருத்துவர்கள், ஆலை அலுவலகங்களின் கணக்கு முழுவதையும் தலையில் வைத்திருப்பவர்கள். பலருக்கும் அம்மா தீப்பெட்டிக் கட்டையடுக்கியவள், பாட்டி கரிசல்காட்டில் பருத்தி எடுத்தவள். வீட்டிலிருந்து உத்தியோகத்துக்குப் போன முதல் பெண்கள் நாம். எப்படிப் பிள்ளை வளர்ப்பது, எப்படிக் குழம்பு வைப்பது என்று சொல்லித்தர ஆள் இருந்தது. 48 வயதில், மாதவிடாய் தடுமாறுகிற நேரத்தில், 14 பேருக்கு மேலதிகாரியாகவும் இருந்துகொண்டு, படுத்த படுக்கையான பெரியவரையும் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர நம் பரம்பரையில் ஒருத்தியும் இல்லை.

வேலைக்குப் போனோம், சரி. வீட்டு வேலை குறைந்ததா? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஏறத்தாழ 5 மணி நேரம் ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரம் இன்னொரு பக்கம். முதியவரையும் குழந்தையையும் பார்த்துக்கொள்கிற நேரம் இதில் சேரவில்லை, அது தனிக்கணக்கு.

இந்தப் பக்கத்தை எழுதப்போகிறேன் என்று தெரிந்த ஒருவர், பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர், என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "ஏங்க்கா, ஆபீஸ் உத்தியோகக்காரிக்கு மட்டுந்தான் மனசு ஓயுமா? எங்களுக்கெல்லாம் இல்லையா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் அவரையே பேசவிட்டேன். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்று ஆலை விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "மிச்ச மருந்த ராத்திரி வைக்கக் கூடாதுன்னு போர்மேன் தெனமும் கத்துவாரு. வீட்டு வேலைதான் தெனமும் மிச்சம் கிடக்கு. ஆலை லீவு விட்டா அது ரெண்டு மடங்கு" என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோர் கையும் போனுக்குத்தான் போகும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் என்று வெடிவிபத்து நடந்த ஊர்ப்பெயர்கள் தேதியோடு நம் மனசில் இருக்கின்றன. ஆலைக்குள் இருக்கும் பெண், வீட்டில் காத்திருக்கும் அம்மா, தீக்காயப் பிரிவில் பணியில் இருக்கும் செவிலி, எந்த வகுப்பிலிருந்து எந்தப் பிள்ளையை முதலில் கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருக்குமோ என்று நிற்கும் ஆசிரியை, எல்லோருக்கும் காது எந்நேரமும் விழித்தே இருக்கிறது. இப்படி விழித்திருப்பதும் உழைப்புதான். அதற்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்துப் பெண்கள் சற்றுக் கசப்போடு கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிகளுக்கும் தடை விதித்தபோது, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கை நிறைய நேரம் இருந்தது, கையில் காசு இல்லை. வட்டிக்கு வாங்கி அடுப்பெரித்த அந்த மாதங்களை யாராவது ஓய்வு என்று சொல்ல முடியுமா? சம்பளத்தோடு, திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதியோடு கிடைப்பதற்குத்தான் ஓய்வு என்று பெயர். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டமே, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்துடன் கூடிய விடுப்பை எழுதி வைத்தது. அச்சகத்துக் கணக்குப் பிள்ளையானாலும் பட்டாசு ஆலைத் தொழிலாளியானாலும் அது தர்மம் இல்லை, உரிமை. துணிக்கடைகளில் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்ற பெண்களுக்காக, உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கே சட்டம் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இனி, நான் எப்படித் தேறினேன் என்பது. முதலில் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். நாலு நாள் லீவு போட்டுக் குற்றாலம் போனேன். சமைத்து, மூட்டை கட்டி, எல்லோரையும் கூட்டிப் போய், கூட்டி வந்து, துணி துவைத்து, ஐந்தாம் நாள் போனதைவிட அதிகக் களைப்போடு அலுவலகத்தில் உட்கார்ந்தேன். அடுத்து அதிகாலை யோகா வகுப்பில் சேர்ந்தேன். நாலரைக்கு எழுந்தவள் நாலுக்கு எழுந்தேன். ஈர வெடியை அடுப்பில் வைத்த கதைதான். இருக்கிற சுமையில் ஒன்றையும் இறக்காமல் அதன்மேல் ஓய்வு என்று இன்னொரு சுமையை ஏற்றிக்கொண்டேன்.

கடைசியில் விருதுநகரில் ஒரு மருத்துவரிடம் போனேன். பெண் மருத்துவர், என்னைவிட இளையவர். அரை மணி நேரம் பேசவிட்டு, பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.6தான் இருந்தது. ஒரு வருடமாக மாதத்துக்கு 9 நாள் உதிரப்போக்கு, அதைப் பெரிதாக நினைக்காமலே இருந்திருக்கிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் தூக்கம் கெடும், மறதி வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், உதிரப்போக்கும் முறை தவறும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில வருடம் முன்னதாகவே, பெரும்பாலும் நாற்பதுகளின் நடுவிலேயே வந்துவிடுகிறது. உத்தியோகத்தில் பொறுப்பு உச்சத்துக்கு ஏறுவதும் அதே வருடங்களில்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எது வேலையால் வந்த ஓய்ச்சல், எது தைராய்டு, எது ரத்தசோகை, எது மனச்சோர்வு நோய் என்று நாமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பல நேரம் எல்லாம் கலந்தே இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வேலையை நினைத்தால் மட்டும் மனசு ஓய்கிறது, பங்குனிப் பொங்கல் திருவிழாக் கடைவீதியில் நடந்தால் கொஞ்சம் லேசாகிறது என்றால் ஒன்று. எதுவுமே ருசிக்கவில்லை, பிடித்த பாட்டுக்கூட இரைச்சலாகக் கேட்கிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது, இருந்து என்ன செய்ய என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. அதற்கு மருத்துவர் வேண்டும், தாமதம் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை, பெயர் சொல்லவும் வேண்டாம். 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். யார் பார்த்துவிடுவார்களோ என்று தயங்காதீர்கள். சர்க்கரைக்கு வரிசையில் நிற்க நாம் வெட்கப்படுவதில்லை.

ஆறு வாரம் விடுப்பு எடுத்தேன். முதல் இரண்டு வாரம் தூங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. வீட்டுக்காரர் சமைத்தார். முதல் நாள் சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது, எழுந்து போய்ச் சரிசெய்யக் கை துறுதுறுத்தது. போகவில்லை. அந்த ஒரு முறை போகாமல் இருந்ததுதான் இந்த மூன்று வருடத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் முதலாவது என்று நினைக்கிறேன். இன்று காலைச் சமையல் அவருடையது. மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாத்தனாரோடும் கொழுந்தனோடும் உட்கார்ந்து பேசிப் பிரித்தோம். அந்தப் பேச்சு இனிமையாக இல்லை. ஆனால் நடந்தது.

நாலாவது வாரம் விடிகாலையில் பஜார்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். வத்தல் மண்டியைத் தாண்டும்போது கமறல் ஏறித் தும்மல் வரும். மல்லி மூட்டை அவிழ்க்கும் இடத்தில் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன். வாசனை மறுபடி வாசனையாகத் தெரிந்தது. ஒருநாள் அந்தத் தாயின் கடிதத்தை எடுத்தேன். படித்தேன். அழுதேன். பதில் எழுதினேன். மூன்று மாதத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அந்தப் பதிலை எழுதிய நாள்தான் நான் மறுபடி வேலைக்குத் திரும்பியதன் முதல் நாள்.

திரும்பி வந்த இரண்டாவது மாதமே பழைய வேகத்தில் ஓடி மறுபடி விழுந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். தேறி நிலைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அலுவலகத்தில் சில பொறுப்புகளைக் கைமாற்றிக் கொடுத்தேன், நானில்லாமல் அவை என்னைவிட நன்றாகவே நடந்தன. இரவு எட்டுக்கு மேல் போனில் அலுவலகம் கிடையாது. இதழ் ஒரு முறை இரண்டு நாள் தாமதமாக வந்தது. நீங்கள் யாரும் கோபிக்கவில்லை.

முதலாளிகளும் மேலாளர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் கணக்குப் பிரிவில், உங்கள் பள்ளியில், உங்கள் வார்டில் இருபது வருடமாக ஒரு பெண் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பார். 'அவங்க இருந்தாப் போதும்' என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் பெருமையைக் குறைத்துக்கொண்டு அவருக்கு ஓர் உதவியாளரைக் கொடுங்கள். சேர்ந்து கிடக்கிற விடுப்பை அவராகக் கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். பாராட்டுப் பத்திரமும் பொன்னாடையும் அதற்குப் பிறகு போதும்.

வீட்டு ஆண்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது: 289-லிருந்து கொஞ்சம் எடுத்து உங்கள் 88-ல் சேர்த்துக்கொள்ளுங்கள். 'என்ன செய்யணும், சொல்லு' என்று கேட்காமல் செய்யுங்கள். சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு வேலை.

அச்சகத்துத் தோழியிடம் நேற்றுப் போனில் பேசினேன். காலண்டர் வேலை முடியட்டும், பார்க்கலாம் என்றார். தை பிறந்தால் இன்னொரு வேலை வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரும் சனிக்கிழமை நானே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆலைகள் திறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் நீங்களும் ஒரு காலையில், வெறும் வயிற்றோடு போய், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு இட்லி வேறு யாராவது அவிக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்